ஐந்து டிகிரிக் கோட்டுக்குக் கீழே

நவம்பர் 6

தம்பிக்கு,

இனி போனில் வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். நாம் கத்துவது பக்கத்து வீடு வரை கேட்கிறதாம், அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம். உன் அழைப்பை எடுத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தீவுக்கு வாரம் ஒரு கப்பல்தான். கடிதம் போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும் என்பது அவள் கணக்கு.

என் கோபம் அப்படி ஆறுகிற கோபம் இல்லை.

போன வாரம் நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். "அம்மாவை அங்க வச்சிருக்காத, அது பாதுகாப்பான இடம் இல்ல." சொல்வது யார்? "எனக்கு ஒரே ரூம்தான், நைட் ஷிப்ட் வேற, அம்மாவுக்கு வசதிப்படாது" என்று வருடக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கிறவன். உன் ஒற்றை அறையை விட நான்கு டிகிரி அட்சரேகையில் இருக்கிற தீவு ஆபத்தானது என்கிறாயா?

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிழக்கே ஒரு வரிசை வகுப்பறை, மேற்கே ஒரு வரிசை, நடுவில் முற்றம். இந்தத் தீவில் இவ்வளவு பேரை ஒன்றாக உட்கார வைக்கக்கூடிய கூரை வேறு இல்லை. அதன் வரைபடத்தில் இருப்பது என் கையெழுத்து. கட்டட விதிப் புத்தகத்தில் காற்று அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் எங்கள் பகுதிக்கு நேரே "புயல் இல்லை" என்று போட்டிருக்கிறது. அதன்படி கூரைக்கு ஆணி, அதன்படி ஷீட். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் வராது என்பது உன் வானிலைப் படிப்பில் முதல் பாடம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

இப்போது வரும் என்கிறாய். முதல் பாடத்தை எப்போது மாற்றினார்கள்?

அக்கா

(அம்மாவுக்கு நீ இன்னும் பம்பரம்தான். "பம்பரம் சாப்பிடுதா" என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.)


நவம்பர் 14

அக்கா,

சாப்பிடுகிறேன்.

முதல் பாடத்தை மாற்றவில்லை. அதன் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. அவ்வளவுதான்.

அழுத்தம் குறைந்த இடம் ஒரு பள்ளம் மாதிரி. எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று அதை நோக்கி ஓடுகிறது. நேராக ஓடி வந்தால் பள்ளம் நிரம்பிவிடும், கதை முடிந்துவிடும். நேராக வந்து சேர முடியாததால்தான் புயல் உருவாகிறது. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியில் தரை திரும்பிவிடுகிறது. குறி தப்புகிறது. குறி தப்பிய காற்று பள்ளத்தைச் சுற்ற ஆரம்பிக்கிறது.

துருவத்தில் நின்றால் உன் காலடியில் தரை நாளுக்கு ஒரு முழுச் சுற்று திரும்பும். பூமத்திய ரேகையில் நின்றால் தரை உன்னைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடும். ஆனால் காலடியில் திரும்பாது. அதனால் காற்று நேராக வரும். பள்ளம் நிரம்பும். நீ இருக்கும் இடத்தில் அந்தத் திருப்பம் துருவத்தில் இருப்பதில் நூற்றில் ஏழு பங்கு.

ஏழு. பூஜ்யம் இல்லை. கடைசி வரி இதுதான்.

அந்த ஏழு பங்கு போதாதுதான். பெரும்பாலும் போதாது. ஆனால் மீதியை வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். உனக்கு வடக்கே கிழக்குக் காற்று ஓடுகிறது, தெற்கே மேற்குக் காற்று ஓடுகிறது என்று வை. நடுவில் மாட்டியது உருளும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பென்சிலை வைத்துத் தேய்த்துப் பார். ஒன்றரை டிகிரியில்கூட ஒருமுறை புயல் உருவாகியிருக்கிறது, அக்கா. அப்படி வருவது சிறியதாக இருக்கும். எங்கள் வானிலைப் படத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போய்விடும்.

எங்கள் வானிலை மையத்தில் அறைச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஐந்து டிகிரியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. எனக்கு முன்னால், எனக்கு முன்னாலிருந்தவருக்கும் முன்னால், யாரோ போட்டது. அதற்குக் கீழே உருவாகும் எதற்கும் நாங்கள் புயல் எண் கொடுப்பதில்லை. எண் இல்லை என்றால் எச்சரிக்கை இல்லை. தலைமை அதிகாரியிடம் ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் பூமி லீவுல இருக்கு தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரே ஒரு விஷயம். காற்று பலமாக இருக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி நில். இடது கையை நீட்டு. மையம் அந்தப் பக்கம் இருக்கும். உன் இடத்தில் இது அவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

அம்மாவைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

தம்பி


நவம்பர் 22

தம்பிக்கு,

அம்மாவைப் பற்றி அடுத்த கடிதத்தில். ஆமாம். அவளும் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று இருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எரிச்சலோடு திரிந்தேன். பிறகு எங்கள் கட்டுமானத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கூரைச் சட்டத்தை ஆணியால் மட்டும் அறையாமல் சுவரோடு சேர்த்துக் கட்ட இரும்புப் பட்டை வேண்டும் என்று. பதில் உடனே வந்தது. நல்ல விஷயத்துக்கு இவ்வளவு வேகமாகப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. "புயல் இல்லாப் பகுதிக்குப் புயல் பட்டை கோருவதன் காரணம் தெரிவிக்கவும்." காரணம், என் தம்பிக்குத் தூக்கம் வரவில்லை. இதை எப்படித் தெரிவிப்பது?

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்ஜினியரம்மா, இங்க மழை வரும், அலை வரும், கணக்குக் கேட்டு ஆள் வரும். புயல் மட்டும் வராது" என்றார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

படகுத்துறை வேலையில் மிஞ்சிய பட்டை கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்தது. சண்டை போட்டு வாங்கிவிட்டேன். ஆனால் பாதிக் கூரைக்குத்தான் வரும். ஒரு வரிசைக்குத்தான்.

எந்த வரிசைக்கு? கிழக்கா, மேற்கா? கவிதை வேண்டாம். ஒரே வார்த்தையில் எழுது. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உன் கப்பலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 29

அக்கா,

மேற்கு.

ஒரே வார்த்தையில் கேட்டாய், சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையின் மேல் எனக்கு எவ்வளவு குறைவான நம்பிக்கை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புயல் உனக்கு வடக்கே போனால் உன் மேல் மேற்குக் காற்று. தெற்கே போனால் கிழக்குக் காற்று. அது எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமத்திய ரேகையில் பூமியின் திருப்பம் இல்லை. ஆனால் வடக்கே போகப் போக அது கூடுகிற வேகம் இருக்கிறதே, அது அங்கேதான் மிக அதிகம். புயலின் வடபாதிக்குக் கொஞ்சம் கூடுதல் திருப்பம், தென்பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசமே புயலை மெல்ல வடமேற்காகத் தள்ளும். கீழே பிறந்தது மேலே போகப் பார்க்கும். அதனால் மையம் உனக்கு வடக்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் காற்றை முதலில் வாங்கப்போவது மேற்கு வரிசை.

வாய்ப்பு என்று எழுதியிருக்கிறேன். நிச்சயம் என்று எழுதவில்லை. இதை மேஸ்திரியிடம் சொல்லாதே.

இன்னொன்று. நேற்று ஆளில்லாத நேரத்தில் பரிசோதனைக்காக எச்சரிக்கைப் படிவத்தில் நான்கு என்று அட்சரேகை போட்டுப் பார்த்தேன். கணினி ஏற்கவில்லை. "அட்சரேகை பிழை" என்றது. கோடு சுவரில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. தலைமை அதிகாரியிடம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கி அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

அம்மாவைப் பற்றி: என் அறையில் ஜன்னல் ஒன்றுதான். அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து. நான் காலையில் வந்து பகலெல்லாம் தூங்குகிறேன். அவள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பாள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாக்கு என்பாய். இருக்கலாம்.

தம்பி


டிசம்பர் 6

தம்பிக்கு,

சாக்குதான்.

மேற்கு வரிசை முழுக்கப் பட்டை கட்டியாகிவிட்டது. மேஸ்திரி அதற்கு "தம்பி பட்டை" என்று பெயர் வைத்திருக்கிறார். கிழக்கு வரிசை வெறும் ஆணியோடு நிற்கிறது. தினமும் அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறேன். கையெழுத்துப் போட்டவளுக்குப் பாதிக் கட்டடம் மட்டும் கண்ணில் படாமல் போவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அம்மாவுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. துறைமுக வானொலியில் தினமும் வானிலை அறிக்கை வாசிக்கிறார்கள் இல்லையா, அதைக் கேட்பது. "இது என் பிள்ளை எழுதுனது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். நீ லீவில் இருந்த நாளிலும் சொன்னாள். நான் திருத்தவில்லை. வாசிக்கிறவன் தும்மினால்கூட "அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

எனக்குக் கடுப்பாக இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன். வெந்நீர் போடுவது நான். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது நான். பெருமையெல்லாம் வானொலியில் வருகிறவனுக்கு.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் எனக்கு வேறு இடத்தில் வேலை. அப்போது அம்மாவை அழைத்துப் போகிறாயா, இல்லையா? பட்டைக்குக் கேட்டது போலத்தான் இதற்கும் கேட்கிறேன். ஒரே வார்த்தை.

அக்கா


டிசம்பர் 20

அக்கா,

இது உன்னிடம் வருமா தெரியவில்லை. தீவோடு எந்தத் தொடர்பும் இல்லை. கப்பல் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்றும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

முந்தாநாள் மதியமே அதைப் பார்த்துவிட்டேன். உங்களுக்குத் தென்கிழக்கே. சின்னது. படத்தில் பொட்டு மாதிரி. வடக்கே குளிர்காற்று, தெற்கே மேற்குக் காற்று, நடுவில் அது. பென்சில். மூன்று புள்ளி ஆறு டிகிரி. வடக்கே நகரும் என்று உனக்கு எழுதினேனே, அது நகரவில்லை. நேராக மேற்கே வந்தது.

தலைமை அதிகாரி வெளியூரில். போனில் சொன்னேன். "கோட்டுக்குக் கீழயா மேலயா?" என்றார். கீழே என்றேன். "அப்ப அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு" என்றார். சார், அது சுற்றுகிறது என்றேன். "சுத்தட்டும்" என்றார்.

உங்கள் துறைமுகத்துக்கு அடித்தேன். "எண் போட்ட அறிக்கை வந்தாத்தான் சார் வானொலியில வாசிப்போம். நீங்க வாயால சொல்றதை வாசிச்சா எங்க வேலை போயிடும்" என்றார்கள்.

படிவத்தில் 3.6 போட்டேன். பிழை. மறுபடி போட்டேன். பிழை. விசைப்பலகையை ஓங்கி அடித்தேன். பயமில்லை, ஆத்திரம்.

5.0 என்று போட்டேன்.

ஏற்றுக்கொண்டது. எண் வந்தது. அறிக்கை போனது. வானொலியில் வாசித்திருப்பார்கள். புயல் என்ற வார்த்தையாவது உங்கள் காதில் விழட்டும் என்றுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இடத்தைப் பொய்யாகப் போட்டேன். போன பிறகுதான் உறைத்தது. நீங்கள் நான்கில் இருக்கிறீர்கள். ஐந்து என்றால் மையம் உங்களுக்கு வடக்கே. காற்று மேற்கிலிருந்து என்று நினைப்பாய். காற்றுக்கு மறைவு என்று எல்லோரையும் மேற்கை விட்டு ஒதுக்கிக் கிழக்கு வரிசையில் உட்கார வைப்பாய். ஆணி மட்டும் அடித்த வரிசையில்.

உனக்கு அடித்தேன். மணி போனது. நீ எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு மணியும் போகவில்லை. துறைமுகமும் எடுக்கவில்லை.

நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். படத்தில் அந்தப் பொட்டு உங்களைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது அது வெறும் மேகம்.

தம்பி


டிசம்பர் 28

தம்பிக்கு,

இருக்கிறோம். எல்லோரும் இருக்கிறோம். அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

இடது கையால் எழுதுகிறேன். அதனால் கோழி கிளறியது போலத்தான் இருக்கும். திட்டும் குறைவாகத்தான் வரும்.

நீ போனில் அடித்ததைப் பார்த்தேன். அம்மா விஷயமாக மறுபடி சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்து எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். இதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் சொல்லாதே.

வானொலியில் வாசித்தார்கள். ஐந்து டிகிரி, வடக்கே கடக்கும் என்று. மேஸ்திரி முகத்தில் சிரிப்பு இல்லை. தெருத் தெருவாகப் போய் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான். நீ பயந்தபடியே செய்தேன். காற்று மேற்கிலிருந்து வரப்போகிறது, கிழக்கு வரிசைதான் மறைவு என்று எல்லோரையும் அங்கே உட்கார வைத்தேன். அம்மா முதல் பெஞ்சில், வானொலியை மடியில் வைத்துக்கொண்டு.

காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. இந்த மாதத்தில் எப்போதும் அப்படித்தான். சரி, இது வடமேற்காகத் திரும்பும், பிறகு மேற்காகும் என்று காத்திருந்தேன். கூடிக்கொண்டே போனது. திரும்பியது. வடமேற்குக்கு இல்லை, கிழக்குக்கு.

முற்றத்தில் போய் நின்றேன். முதுகைக் காட்டினேன். நிற்கவே முடியவில்லை. இடது கையை நீட்டினேன். தெற்கு. கையை மடக்கி மறுபடி நீட்டினேன். தெற்குதான்.

அறிக்கை எழுதியவன் நீ. கையை நீட்டச் சொன்னவனும் நீ. இரண்டில் ஒருவன் பொய் சொல்கிறான். முற்றத்தில் நனைந்துகொண்டே உங்கள் இருவரையும் திட்டினேன். பிறகு உள்ளே போய், "எல்லாரும் எந்திரிங்க, மேற்குப் பக்கம் போங்க" என்று கத்தினேன்.

போனார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. "என் பிள்ளை வடக்கேன்னு சொல்லியிருக்கான். நீ யாருடி மாத்துறதுக்கு?" என்றாள். "அம்மா, அவன்தான் கையை நீட்டிப் பாக்கச் சொன்னான்" என்றேன். "எங்கிட்ட சொல்லலையே" என்றாள். தலைக்கு மேலே ஆணி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது, இவள் வாதம் பண்ணுகிறாள். மேஸ்திரியும் நானும் பெஞ்சோடு தூக்கினோம். முற்றத்தில் பாதி வந்தபோது கிழக்குக் கூரை முழுதாகக் கிளம்பியது. ஒரு ஷீட் போகிற போக்கில் என் வலது கையைத் தொட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். விரல்கள் இருக்கின்றன. மடங்கத்தான் நாளாகுமாம்.

அம்மா வானொலியை விடவே இல்லை.

உன் "தம்பி பட்டை" நின்றது. நீ சொன்ன பக்கம் காற்று வராததால் நின்றதா, பட்டையால் நின்றதா, தெரியாது. இடது கை வலிக்கிறது.

அக்கா


ஜனவரி 5

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. இடது கையால் வேண்டாம், யாரையாவது எழுதச் சொல்.

இங்கே என்னைப் பாராட்டுகிறார்கள்.

வேறு எந்த மையமும் எச்சரிக்கை கொடுக்கவில்லையாம். நாங்கள் மட்டும்தானாம். தலைமை அதிகாரி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வருட இறுதிப் படத்தில் அந்தப் புயலைக் குறித்துவிட்டார்கள். ஐந்து டிகிரியில். சிவப்புக் கோட்டின் மேலேயே, அழகாக. விதியும் உடையவில்லை, எச்சரிக்கையும் தவறவில்லை.

நான் சொன்னேன். "சார், அது மூணு புள்ளி ஆறுல இருந்துச்சு. நான் அஞ்சுன்னு போட்டது தப்பு."

"தப்பு இல்ல தம்பி. அது ரவுண்ட் பண்ணுனது."

"மூணு புள்ளி ஆறை ரவுண்ட் பண்ணா நாலு சார்."

அவர் கெட்டவர் இல்லை. களைப்பு. "இன்னும் ரெண்டு வருஷத்துல நான் ரிட்டயர் ஆகிடுவேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டத்துக்குக் கோட்டை அழிங்க. இப்ப எழுதிக் கொடுத்தா, எச்சரிக்கையில பொய்யான இடம் போட்டவர்னு உங்க பேர்தான் வரும். யோசிங்க" என்றார்.

யோசிக்கிறேன். யோசிப்பதுதான் எனக்குச் சுலபமாக வருகிறது. யாருக்கும் உயிர் போகவில்லை. கூரை மறுபடி போட்டுக்கொள்ளலாம். பொய்யாக இருந்தாலும் அந்த அறிக்கைதான் மக்களை ஒரே கட்டடத்துக்குள் கொண்டு வந்தது. இப்படியெல்லாம் எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறேன்.

என்ன செய்யட்டும்?

தம்பி


ஜனவரி 13

டேய்,

கை இருக்கட்டும். நான் சொல்வதைக் கேள்.

கிழக்குக் கூரைக்குப் புது ஷீட் வந்துவிட்டது. அதே ஆணியோடு. பட்டை கேட்டேன். இந்த முறை காரணமும் எழுதினேன். புயல் வந்தது, கூரை போனது, பட்டை கட்டிய பாதி நின்றது என்று. அதற்கு என்ன பதில் தெரியுமா? "மேற்படி புயல் ஐந்து டிகிரியில் கடந்ததாக வானிலை மையத்தின் பதிவு தெரிவிக்கிறது. தங்கள் தீவு நான்கு டிகிரியில் உள்ளது. அத்தொலைவில் கிடைத்திருக்கக்கூடிய காற்று, விதிப்படி கட்டிய கூரையைப் பாதித்திருக்க இயலாது. எனவே கட்டுமானத்தில் குறை உள்ளதா என விளக்கம் அளிக்கவும்."

புரிகிறதா? உன் ஐந்தை வைத்துக்கொண்டு, நான் ஒழுங்காகக் கட்டவில்லை என்கிறார்கள். நான் வாயே திறக்காமல் அதே ஆணியை அடித்து, அதே கையெழுத்தை இடது கையால் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம். அடுத்த மாதம் அந்த அறைகளில் பிள்ளைகள் உட்காருவார்கள்.

என் பெயர் கெட்டால் கெடட்டும். ஆணி மட்டும் அடித்த அந்தக் கூரைக்குக் கீழே இன்னொரு முறை யாரையும் உட்காரச் சொல்ல என்னால் முடியாது.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். முற்றத்தில் நிற்க முடியாத காற்றில் நின்று கையை நீட்டினேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து நீட்டு.

அக்கா


ஜனவரி 21

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் கணினியில் திருத்தப் பார்த்தேன். 3.6. "அட்சரேகை பிழை." சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதினேன். புயல் எங்கே இருந்தது, நான் எங்கே இருந்ததாகப் போட்டேன், ஏன் போட்டேன். கீழே கையெழுத்து. ஒரு நகல் உன் தலைமை அலுவலகத்துக்கு, ஒரு நகல் உனக்கு, இதோடு இருக்கிறது.

தலைமை அதிகாரி படித்தார். இந்த முறை டீ கிளாஸை வைக்கவில்லை. "சரி" என்றார். மறுநாளிலிருந்து எனக்கு முன்னறிவிப்பு மேசை இல்லை. மழைமானிகளைச் சரிபார்க்கிற பிரிவு. பழுதானதை எல்லாம் கொண்டு வந்து அடுக்குகிறார்கள். தண்ணீர் ஊற்றி அளக்கிறேன். பகல் வேலைதான். அம்மா வானொலியில் கேட்கிற அறிக்கையில் இனி என் வார்த்தை இருக்காது. அவளிடம் எப்படிச் சொல்வாயோ, உன் இஷ்டம்.

மேசையைக் காலி செய்த அன்று சுவரில் இருந்த படத்தில் கோட்டுக்குக் கீழே, மூன்று புள்ளி ஆறில், அதே சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். சிறுபிள்ளைத்தனம். மறுநாள் யாரோ ரப்பரால் தேய்த்திருந்தார்கள். தேய்த்த இடம் வெளுத்துப் போய், இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது.

உன் ஒரே வார்த்தைக் கேள்விக்கு: ஆம். வேறு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் தெருவைப் பார்த்து.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

வலது கையால் எழுதுகிறேன். எழுத்து இன்னும் கோழி கிளறல்தான். ஆக, குற்றம் கையில் இல்லை போலிருக்கிறது.

பட்டை வந்துவிட்டது. உன் நகலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஆனால் "சிறப்பு நிகழ்வாகக் கருதி, இக்கட்டடத்துக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். அட்டவணையை மாற்ற மாட்டார்களாம். பக்கத்துத் தீவில் ஒரு மருத்துவமனை கட்டுகிறார்கள். மூன்று டிகிரி. ஆணிதான். அடுத்த வேலைக்கு அங்கேதான் போகிறேன், வேண்டுமென்றே கேட்டு வாங்கினேன். அவர்களிடமும் கத்த வேண்டும். தொண்டையைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்தத் தாளில் இன்னும் நான்கு நகல் எடுத்து அனுப்பு.

மேஸ்திரி கிழக்கு வரிசையில் ஏறி அவரே பட்டை கட்டுகிறார். ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்.

போனை இனி கவிழ்த்து வைக்க மாட்டேன். அடித்தால் எடுப்பேன். கத்தவும் செய்வேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ ஐந்து என்று போட்டது, ஏன் போட்டது, மேசை போனது, அறை பார்த்தது, எல்லாம். வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டாள். அப்படி அவள் அணைத்ததே இல்லை. பிறகு சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்:

"அஞ்சுன்னு சொன்னப்பவும் நம்புனேன். இப்ப மூணுங்கறான், நம்பறேன். இனிமே நான் எந்தப் பக்கம் உக்காரணும்னு மட்டும் அவனை நேர்ல வந்து சொல்லச் சொல்லு."

அக்கா